மூன்றாவது சிலிண்டர்

துறைநீலாவணை மிட்வைப் வந்திருக்கிறா,
பெட்டி லான்சர் வாங்க.
விற்கிறவன் என் மச்சான் றபியுதீன்.
"பார்த்துச் சொல்லு" என்று இரண்டு பேரும் கேட்டார்கள்.
ஒரே வார்த்தை. ஒரே அர்த்தமில்லை.

சாய்ந்தமருதில் இருந்து நிந்தவூர் மட்டும் ஓடி
எஞ்சினைச் சூடாக்கினேன்.
கொயில் வயரைக் கழற்றிவிட்டு
நாலு பிளக்கையும் எடுத்து வரிசையாகப் பேப்பரில் வைத்தேன்.
மூன்று, பிஸ்கட் நிறம்.
ஒன்று ஈரக் கறுப்பு.
மச்சான் பிளக்கைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தான்.

மிட்வைப்பைத்தான் சீட்டில் ஏற்றினேன்.
"அக்சிலேட்டரை அடிமட்டும் மிதியுங்க, சாவியை விடாதீங்க."
ஊசி துள்ளித் துள்ளி ஏறியது.
நூற்றைம்பது.
நூற்று நாற்பத்தெட்டு.
தொண்ணூறு.
கடைசி, மறுபடி நூற்றைம்பது.
இறங்கி வந்து பார்த்தா.
பிரஷர் பார்த்துப் பழகிய கண்.
"மூன்றாவது குறைவு, என்ன?"
ஓம் என்றேன்.
மச்சான் கேற்றடிக்குப் போய்
பற்றவைக்காத சிகரெட்டோடு நின்றான்.

ரிங் தேய்ந்திருந்தால்
ஒரு தேக்கரண்டி ஒயில்
கொஞ்ச நேரம் ரிங்காக நடிக்கும்.
ஊற்றினேன். மறுகா ஒருக்கா சுற்றினோம்.
தொண்ணூற்றிரண்டு.
அப்ப வால்வ்.

மூடியைத் திறந்து, பிஸ்டனை உச்சிக்குக் கொண்டுவந்து
கால் மில்லிமீட்டர்த் தகட்டைச் செருகினேன்.
போகவில்லை.
ஆக மெல்லியதும் போகவில்லை.
கதவிடுக்கில் செருப்பு அகப்பட்ட மாதிரி,
இடைவெளி இல்லாத டெப்பட்
வால்வை மூடவிடாமல் பிடித்திருந்தது.

நட்டின் தலையில்
பச்சைப் பெயின்ற் பொட்டு.
நான் இறுக்கினேன் என்பதற்கு நான் வைக்கிற பொட்டு.

நோன்பு இருபத்தாறோ ஏழோ.
பாங்குக்குப் பத்து நிமிசம்.
கஞ்சிக் கோப்பை வேர்க்கிறது பென்ச்சில்.
மூன்றாவதுக்குத் தகடு வைத்தேனா?
கை சும்மா தெரியும் என்று சொல்லியிருக்கும்.
கையை நம்பியிருப்பேன்.

தளர்த்தினேன். தகடு லேசாக இழுபடும் அளவில் விட்டேன்.
நூற்றுப் பதினெட்டு. அதற்கு மேல் ஊசி வரவில்லை.
பத்து மாதம் மூடாமல் கிடந்த விளிம்பைச்
சூடு தின்றது தின்றதுதான்.

"ஆர் செய்த வேலை இது?" என்றா.
"பழைய கார்தானே" என்றான் மச்சான்,
கேற்றடியில் இருந்து, எனக்காக.

"நான்தான்" என்றேன்.
"ஹெட்டைக் கழற்ற ரெண்டு நாள். கூலி வேணாம்."

கேஜின் பொத்தானை அமர்த்தினேன்.
ஸ்ஸென்று காற்றுப் போனது.
ஊசி சைபரில் வந்து நின்றது.