லீற்றருக்குப் பதினொன்று

நிரப்பிய தாங்கியிலிருந்து நிரப்பிய தாங்கிவரை
ஓடியது இருநூற்று எழுபத்து நான்கு.
குடித்தது இருபத்து நான்கு லீற்றர்.
வகுத்தேன். பேனையை மாற்றி இன்னொருதரம் வகுத்தேன்.
பதினொன்றரைக்கும் கொஞ்சம் குறைய.

மார்கழி வரைக்கும்
பதினேழுக்குக் கீழே இறங்காத கார்.
கியூஆர் காலத்தில்
சொட்டுச் சொட்டாய் எண்ணிப் பழகியவள் நான்,
அதிலும் கணக்கு ரீச்சர்.

"பம்பிலதான் களவு" என்றார் பக்கத்து வீட்டுச் சவிரிமுத்து.
செட்டை மாற்றினேன். பதினொன்று.
ரயர் நாலுக்கும் காற்றடித்தேன். பதினொன்று.
காற்று வடிகட்டியைக் கழற்றித் தட்ட
நிலாவெளி மணல் கொட்டியது,
கூடவே ஒரு தும்பியின் ஒற்றை இறக்கை.
அது முக்கால் கிலோமீற்றர் தந்தது.
டிக்கியிலிருந்து மூன்று தவணை வினாத்தாளையும்
இறக்கி வைத்தேன். பிளக் புதிது. ஒயில் புதிது.
குச்சவெளிக்கு மெதுவாய்ப் போனேன்,
மாடுகள் முந்திப் போகாத குறை.

காரில் தேட இடம் முடிந்தபோது
கணக்கு வீட்டுக்குள் வந்தது.

இரவு பத்தரைக்குக் கார்க் கதவின் சத்தம்.
எத்தனை நாளாய்க் கேட்கிறேன், கேட்காமலே.
சாரத்தோடு இறங்கிப் போகிறான் குகதாசன்.
கதவு திறக்கும். ஏதோ ஒரு நேரம். கதவு மூடும்.
கால் கழுவிவிட்டு வந்து படுப்பான்.
பாலையூற்றில் அவன் தமக்கை மகனுக்கு
ஓட்டோ இருக்கிறது.
ஒரு முழக் குழாய் போதும்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில்
படுக்கமுன் மீற்றர் இலக்கம், பெற்றோல் முள் நின்ற இடம்.
விடிய எழும்பி மறுபடி.
ஒன்றும் அசையவில்லை.
நிம்மதி வந்திருக்க வேண்டும்.
அடுத்த இரவும் எழுதினேன்.
ஒன்பது இரவு.

பத்தாம் நாள், சாம்பல்தீவுப் பாலத்துக்கு முன்
நியூட்ரலில் விட்டேன்.
முன்பெல்லாம் அந்த இடத்தில்
தானாய் உருண்டு பாலத்தைத் தாண்டுகிற கார்
பாதியில்,
வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும் மாணவன்போல் நின்றது.
அப்போதுதான் ஒரு வாசம். கருகிய வாசம்.

அபயபுரத்து ரஜாப்தீன் பாஸ்
பொனட்டைத் திறக்கவேயில்லை.
குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியின் மிச்சத்தை
இடது பின் சில்லில் ஊற்றினார்.
ஸ்ஸ்.
"கைபிறேக் கேபிள், ரீச்சர். உப்புப் புடிச்சி இறுகிட்டு.
உட்டாலும் உடாது.
ஆரு இப்புடி இழுக்கிற? கடசிப் பல்லு மட்டும் போயிருக்கு."

உவர்மலைச் சரிவில் வீடு. கீழே கடல்.
நான் இழுத்து நிறுத்திய பிறேக்கை
ஒவ்வோர் இரவும் போய்
இன்னும் இரண்டு பல் இழுத்துவிட்டு வந்திருக்கிறான்.
உருண்டுவிடுமோ என்று.
ஒரு சில்லு பிடித்திருக்க, மற்ற மூன்றோடு
நான் குச்சவெளிக்கும் உவர்மலைக்குமாய்
இரண்டு மாதம் இழுபட்டிருக்கிறேன்.

கேபிளுக்கும் கூலிக்கும் ஆறாயிரத்து ஐந்நூறு.
குகதாசனிடம் உப்பு என்று மட்டும் சொன்னேன்.
"கடற்கரை எண்டா அப்பிடித்தான்" என்றான்,
சோற்றைப் பிசைந்தபடி.

போன கிழமை நிரப்பினேன். பதினாறு புள்ளி எட்டு.
பின் சில்லுக்கு ஒரு கருங்கல் வைத்திருக்கிறேன்,
இனி பிறேக்கை இழுக்கத் தேவையில்லை என்றும் சொல்லியாயிற்று.
ஆனாலும் பத்தரைக்குக் கதவுச் சத்தம் கேட்கிறது.
கல்லைக் காலால் தட்டிப் பார்க்கிற சத்தமும்.

கடைசிப் பக்கத்தைக் கிழிக்கலாம்.
கிழித்தால் அதே தாளின் மறு பாதி,
முதல் பக்கமும் கழன்றுவிடும்.
அதில்தான் இருக்கிறது
கார் வாங்கிய நாளின் இலக்கம்,
அவன் கையெழுத்தில்.