இது எந்த வகைப் பயிற்சி?

நவம்பரில்தான் கொடுத்தார்கள் இந்தப் பட்டையை.
சாம்பல் நிறம்.
கடிகாரம் மாதிரி இருக்கும், நேரம் மட்டும் சொல்லாது.
ஊலு நகரத்தில்
அவசர அழைப்பு எடுக்கும் எங்கள் அறையில்
பதினான்கு நாற்காலிகள். ஜன்னல் ஒன்றுகூட இல்லை.
இருந்தாலும் டிசம்பரில் பார்ப்பதற்கு வெளியே வெயிலில்லை.
பன்னிரண்டு மணிநேரம் உட்கார்ந்த இடத்திலிருந்து
ஊரையே ஓடவைக்கிற வேலை.
எங்கள் இடுப்பு பருப்பதை மேலிடம் கண்டுபிடித்து
ஒரு பயிற்சியாளரை அனுப்பிவைத்தது.
உடம்பில்லாத பயிற்சியாளர்.
பெயர் ரெய்ப்பாஸ்.
எங்கள் மொழியில் சுறுசுறுப்பானவன் என்று பொருள்.

ரெய்ப்பாஸ் நல்லவன்தான். கோபிக்கத் தெரியாது.
ஐம்பது நிமிடத்துக்கு ஒருமுறை
எறும்பு ஊர்வதுபோல் மணிக்கட்டில் அதிர்ந்து
“தோளை உருட்டலாமா, தூலிக்கி?
காபி எந்திரம் வரை முப்பத்தாறு அடி,
போய்வரலாமா?” என்பான்.
போவேன்.
சில இரவுகளில் என்னிடம்
‘லாமா’ போட்டுப் பேசுகிற ஒரே ஆள் அவன்.

பக்கத்து நாற்காலி ஒஸ்மோ
முட்டை அடிப்பதுபோல் கையை ஆட்டி
உட்கார்ந்தபடியே நாலாயிரம் அடி நடந்தான்.
அந்த வாரப் பரிசு, கம்பளிக் காலுறை, அவனுக்குத்தான்.

அன்று இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது.
விடியற்காலை ஐந்தே முக்கால்.
காதில் ஒரு பெண்.
காரை வெளியே எடுக்க
வாசலில் பனி அள்ளிக்கொண்டிருந்த கணவன்
பனிவாரியின் மேலேயே சாய்ந்துவிட்டான்.
மூச்சு இருக்கிறதா?
இருக்கு. இல்லை. இது மூச்சு மாதிரி இல்லை.
ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது, பதினோரு நிமிடத் தூரம்.
ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அப்படியே கீழே வையுங்கள்.
ஜாக்கெட்டைத் திறங்கள். மண்டியிடுங்கள்.
நெஞ்சின் நடுவில் ஒரு உள்ளங்கை,
அதன்மேல் இன்னொன்று.
என்னோடு எண்ணுங்கள்.

ஒன்று இரண்டு மூன்று நான்கு
ஒன்று இரண்டு மூன்று நான்கு
இன்னும் ஆழமாக
ஒன்று இரண்டு
ஏதோ முறிஞ்ச சத்தம் கேட்டுது
முறியட்டும் நிறுத்தாதீர்கள்
மூன்று நான்கு

ஆறாவது நிமிடம், மணிக்கட்டில் எறும்பு.
“நெடுநேரமாக உட்கார்ந்திருக்கிறாய், தூலிக்கி.
எழுந்து நிற்கலாமா?”

எழுந்து நின்றேன்.
ஏனென்று இன்றுவரை தெரியவில்லை.
ஹெட்செட் கம்பி மேசையிலிருந்த பேனாவை இழுத்துக் கீழே போட்டது.
நின்று எண்ணும்போது
குரல் தொண்டையை விட்டு வயிற்றுக்கு இறங்கியிருந்தது.
அந்தப் பக்கம் அவள் அழுகையும்
எண்ணிக்கைக்குள் வந்து சேர்ந்துகொண்டது.

பிறகு பனியில் பூட்ஸ் நொறுக்கும் ஓசை.
வேறு குரல்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஒருவர்.
இணைப்பு போனது.
அதற்கப்புறம் என்ன ஆனதென்று
எங்களுக்கு யாரும் சொல்வதில்லை.
நாங்களும் கேட்பதில்லை.

பட்டை மின்னியது.
“அருமை! இதயத்துடிப்பு நூற்று முப்பத்தொன்று.
பதினோரு நிமிடத் தீவிரப் பயிற்சி பதிவாகியிருக்கிறது.
இது எந்த வகைப் பயிற்சி?”

கீழே பட்டியல்.
நடை. மிதிவண்டி. படியேற்றம்.
சறுக்கு. நீச்சல். நடனம்.
காளான் பறித்தல்கூட இருந்தது.
விரலால் தள்ளித் தள்ளிப் போனேன்,
ஒஸ்மோ என் முகத்தைப் பார்த்துவிட்டு
திரும்பிக்கொண்டான்.
கடைசிக்கு முந்தையது:
பனி அள்ளுதல்.

அதைத் தொட்டேன்.
அந்த வாசலில் இன்னும் பாதி மிச்சம் இருக்கும்.

“வெளிக்காற்றில் பயிற்சி! சபாஷ்.
முதுகைப் பார்த்துக்கொள்” என்றான் ரெய்ப்பாஸ்.

ஒஸ்மோ ஒரு காபியைக் கொண்டுவந்து வைத்தான்.
முப்பத்தாறு அடி போய், முப்பத்தாறு அடி வந்து.
கழற்றிய பட்டை
அவன் மேசையிலேயே கிடந்தது.

சிவப்பு விளக்கு எரிந்தது.
உட்கார்ந்தேன்.