நீர்மட்டம்

ஐஸ்பெட்டி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.
கவனித்தவள் அம்மா மட்டும்.
"அவருக்குப் பிடிக்காது" என்றாள்.
கோதண்டம் ஒரு கல்யாணப் பத்திரிகையை நாலாய் மடித்து
காலுக்கடியில் செருகினான்.
அதற்கப்புறம்தான் எங்களுக்கு அழுகை வந்தது.

தொண்ணூற்று மூன்று வயது.
கல்யாணச் சாவு என்றார்கள் வந்தவர்கள்.
விசுவநாதபுரம் வீட்டு வாசல் கொள்ளாத செருப்புகள்.
பொதுப்பணித் துறையில் முப்பத்தைந்து வருடம்,
பென்சனில் முப்பத்தைந்து வருடம்.
"ரெண்டு தட்டும் சமமாயிருச்சு தமயந்தி,
இனி வாங்குறதெல்லாம் இனாம்"
என்று போன மார்கழியில் சிரித்த மனுஷன்.

தத்தனேரிக்குப் போகும் வழியில்
பாலத்து மேலே வண்டி கொஞ்சம் நின்றது, நெரிசல்.
கீழே வைகை என்று சொல்லப்படும் மணல்,
ஆகாயத்தாமரை, இரண்டு எருமைகள்.
இங்கே நின்றிருந்தால் கனஅடியில் ஏதாவது சொல்லியிருப்பார்.

பதினாறு கழிந்து பீரோவைத் திறந்தேன்.
டைரிகள். வருடத்துக்கு ஒன்று,
சிலதில் கரையான் பாதி படித்திருந்தது.

'வைகை 58.40. வரத்து 1120.
தமயந்திக்கு 102. இரவு இரண்டு மணிக்கு 100.6.'

ஒரே மை, ஒரே சாய்வு.
அணைக்கும் எனக்கும் நடுவே ஒரு கோடுகூடக் கிழிக்கவில்லை.
அந்த இரவு என் நெற்றியில் இருந்த கை
எனக்கு ஞாபகமில்லை.
தசமப் புள்ளி சொல்கிறது, இருந்தது என்று.

'66.10. சௌந்தரம் பேசவில்லை. காரணம் நான்.'
மறுநாள்:
'66.10. பேசினாள்.'

எழுபத்தேழு ஐப்பசியில் ஒரு பக்கம் முழுக்க எழுத்து.
கள்ளந்திரிக்குக் கீழே ஒரு சின்ன மதகு போய்விட்டது.
'அடித்தளம் இரண்டடி குறைவு.
மழை மேல் பழி போட வேண்டாம். கணக்கு என்னுடையது.
சின்னக்கருப்பன் நாற்றங்கால் மணல் மூடிவிட்டது.
ஒன்றும் கேட்கவில்லை அவர். மோர் கொடுத்தார்.'

அதன்பின் ஒவ்வொரு ஒன்றாம் தேதியும்
'சி.க. ரூ.40.'
பிறகு அறுபது. பிறகு நூறு.
சிறுசேமிப்புக் கணக்கு என்றல்லவா
அம்மா இத்தனை காலம் நினைத்திருந்தாள்!
தொண்ணூற்றொன்றில் நிற்கிறது:
'சி.க. காலமானார். மகன் பணம் வாங்க மறுத்துவிட்டான்.
நல்ல பையன்.'

என் கல்யாண மேடையில்
ரசமட்டம் வைத்துப் பார்த்தவர் அப்பா.
குமிழ் நடுவுக்கு வந்த பிறகே
மாப்பிள்ளையை உட்கார விட்டார், முகூர்த்தம் நெருக்க,
ஐயர் முறைக்க.
நாலு வருடம் கழித்து
ஒரு பெட்டியோடும் ஒரு பிள்ளையோடும் நான் திரும்பினேன்.
ஏன் என்று கேட்கவில்லை. யாரையும் கேட்க விடவுமில்லை.
அந்தத் தேதியைத் தேடினேன், கை நடுங்க.
'வைகை 43.70. தமயந்தி வந்தாள்.
மாடிக்குத் தனி மீட்டர், விண்ணப்பம் கொடுக்க.'

தனி மீட்டர்.
உன் வெளிச்சத்துக்கு நீதான் பில் கட்டணும் என்று
அன்றைக்கு நான் கோபமாய்ப் புரிந்துகொண்டது.
என் பெயரில் வந்த முதல் காகிதம் அது.
தாய்வீட்டில் ஒண்டியவள் என்று
ஒருத்தரும் என்னைச் சொல்ல முடியாமல் போனது அதனால்தான்.
முப்பது வருடமாகக் கட்டுகிறேன் அந்த பில்லை.
ஒருமுறைகூட நன்றி சொன்னதில்லை.

கடைசி டைரியில்
பங்குனிக்கு மேல் கையெழுத்து மாறுகிறது.
கோடு தாண்டித் தாண்டி ஓடும் அம்மாவின் எழுத்து.
காலையில் பேப்பர் பார்த்து
அவர் காதில் சொல்லிவிட்டு எழுதியிருக்கிறாள்.

'வைகை 61.02. இட்லி ஒன்று.'
'61.02. இட்லி அரை.'
'61.00. சொன்னேன். கேட்டாரா தெரியவில்லை.'

மறுநாள் வீடு நிறைய ஆட்கள்,
சங்கு, மாலை, வெந்நீர், ஓலம்.
எந்த நேரத்தில் எழுதினாளோ,
எந்த அறையில் போய் உட்கார்ந்தாளோ,
'60.98.'