நான்காம் மாடிக்கு ஒரு தூண்

ஸ்கோப்யேவில் நான் பல் கட்டுகிறவள்.
பொய்தான் உன் பிழைப்பு, அந்தத் தூணைப் பற்றிப் பேச
உனக்கென்ன தகுதி என்கிறான் தம்பி திராய்ச்சே.

ஆறு வருடம் முன்பு ஒரு திங்கட்கிழமை
சாரம் கட்டினார்கள்.
இரண்டு மாதத்தில் எங்கள் சாம்பல் நிறக் கட்டிடத்துக்கு
வியன்னா முளைத்துவிட்டது.
என் சமையலறை ஜன்னலுக்கு நேர் எதிரே ஒரு தூண்.
உச்சியில் இலைக்கொத்து;
என்ன செடி என்று கேட்டேன்,
ஒட்டியவருக்கும் தெரியவில்லை.
விரலால் தட்டிப் பார்த்தேன்.
சொத்தைப் பல் சொல்லும் அதே 'டொக்'.
உள்ளே தெர்மாகோல்.

கீழே சிவப்பு மாடிப் பேருந்து போகிறது.
லண்டன் முகம், சீனத்து எலும்பு,
ஓட்டுகிறவர் மட்டும் குமனோவோக்காரர்.

சொந்த முகத்தை மூடிவிட்டார்கள் என்று
சதுக்கத்தில் கத்தியவர்களோடு நானும் கத்தினேன்.
சாயம் நிரப்பிய பலூன் ஒன்றை எறிந்தேன்,
குறி தப்பி நடைபாதைக் கடையில் பட்டது.
வீடு திரும்பும்போதுதான் உறைத்தது:
மூடப்பட்ட கான்கிரீட்டும் வந்தேறிதானே.
அறுபத்து மூன்றில் நிலம் உதறியது.
பழைய ரயில் நிலையத்துக் கடிகாரம்
இன்றைக்கும் ஐந்து பதினேழு காட்டுகிறது.
பிறகு நகரத்தின் வரைபடம் ஜப்பானிலிருந்து வந்தது.
கல்பாலம் சுல்தான்கள் காலத்தது.
புரெக் மடிக்கிற கையும் அந்தக் காலத்தில் பழகியதுதான்.
இப்படியே சுரண்டிக்கொண்டு போனால்
எங்களுடையது என்று மிஞ்சுவது வார்தார் ஆறு;
அதுவும் கிரேக்கத்துக்கு ஓடிவிடுகிறது.

"பார்த்தாயா?" என்கிறான் திராய்ச்சே.

இரு. பல் கட்டுகிறவளிடம் கேள்.
யார் வந்தாலும் முதலில் களிம்பைக் கடிக்கச் சொல்வேன்.
எதிர்ப்பல் எங்கே இடிக்கிறது,
எந்தப் பக்கமாக மெல்கிறார்,
புகை பிடிப்பவரா?
பிடிப்பவர் என்றால் கொஞ்சம் மஞ்சள் கூட்டித் தருவேன்.
அந்த ஜப்பான் வரைபடம்
விரிசல்களைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்தது.
சுல்தானின் கொத்தனார் ஆற்றிடம் பேசாமலா
பாலம் இத்தனை வெள்ளத்துக்கு நின்றது?
இந்தத் தூண் யாரையும் கடிக்கச் சொல்லவில்லை.
எவருக்கோ செய்த பல்செட்டை
என் வாயில் திணித்துவிட்டு, சிரி என்றார்கள்.

அக்டோபர். மிளகாய் சுடும் மாதம்.
புகை போக வழியில்லாமல்
தூணில் முட்டி வீட்டுக்குள்ளேயே திரும்பியது.
கண் எரிச்சலோடு முர்தேசானைக் கூப்பிட்டேன்,
அன்று இலைக்கொத்தை ஒட்டிய அதே ஆள்.
ரொட்டி அறுக்கிற கத்தி போதும் என்றார்.
மூன்று நிமிடம்.
வட்டமாக ஒரு ஓட்டை.
அதற்குள் வோத்னோ மலை,
ஆறு வருடமாக அங்கேயே இருந்திருக்கிறது.
வெள்ளைத் துகள்கள் தெருவெல்லாம் பறந்தன;
பேருந்துக்கு நின்றவர்கள் தோளைத் தட்டிக்கொண்டார்கள்.

அன்று மாலை கதவு தட்டப்பட்டது.
இரண்டாம் மாடி யானா, ஏழு வயது.
"எங்க தூணை ஏன் வெட்டினீங்க?"

எங்க தூண்.
அந்தத் தூண் இல்லாத தெருவை
அவள் பார்த்ததே இல்லை.
பள்ளியில் வீடு வரையச் சொன்னால்
அந்த இலைக்கொத்தைத்தான் முதலில் வரைவாளாம்.
மலை தெரிகிறது பார் என்று தூக்கிக் காட்டினேன்.
மலை எல்லா இடத்திலிருந்தும் தெரியும் என்றாள்.

பத்தாம் நாள் நகராட்சிக் கடிதம்:
பண்பாட்டுப் பாரம்பரியத்தைச் சேதப்படுத்தியதற்கு அபராதம்.
திராய்ச்சே தரையில் உட்கார்ந்து சிரித்தான்.
நானும் சிரித்தேன், பாதி வரைக்கும்.
படிவத்தில் ஒரு கட்டம்: பொருளின் காலம்.
ஆறு வருடம் என்று எழுதினேன்.
அடுத்த கட்டம்: பொருளின் உரிமையாளர்.

பேனா அங்கேயே நிற்கிறது.
அந்தக் கேள்வியைக் கேட்டபோது
யானாவுக்கு முன்பல் இரண்டும் இல்லை.
வெட்டுவதற்கு முன்
அவளிடம் நான் அளவு எடுக்கவில்லை.