புள்ளடி

வட்டாரக் காரியாலயத்தில் தந்த பட்டியலில்
மூன்று கட்டங்கள்:
நம்மாள், அடுத்தாள், தெரியாது.
லயத்துக்கு லயம் போய்க் கேட்டு
பென்சிலால் குறிக்க வேண்டும்.
நாளுக்கு ஒரு பேர்ச் சம்பளம், பகலைக்குச் சோற்றுப் பார்சல்.
கொழுந்துக்குப் போகாமல் இதற்கு வந்தேன்.
மஸ்கெலியா மழையில் மூன்றாம் நாள்
கடைசிக் கட்டம் மட்டும் நிரம்பிவிட்டது.

மேட்டு லயத்துப் பவளக்கொடி
இடுப்புப் படங்கை அவிழ்க்காமலே சொன்னாள்:
"இருபது கிலோ எடுத்தா
ஈரத்துக்கு ரெண்டு, சாக்குக்கு ஒண்ணுன்னு
கழிச்சிட்டுத்தான் துண்டு எழுதுறான்.
இவங்க மேடையில சொல்ற சம்பளத்துல
ஈரத்துக்கு எவ்வளவு கழிக்கணும்?
அது தெரிஞ்சா சொல்லுறேன் புள்ள."
நான் தராசுக்காரியில்லை.
கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

மருதவீரனுக்குச் சங்கம் ஒன்று சொல்கிறது,
கொட்டாஞ்சேனைக் கடையிலிருந்து மகன் வேறொன்று.
சந்தா மாதாமாதம் தானாகவே வெட்டுப்படும்.
மகனின் காசு வந்தால்தான் வரும்.
இரண்டு பக்கமும் தலையாட்டி
கழுத்து நோகிறதென்று தைலம் தேய்க்கிறார்.

டிலுக்சி போனில்தான் கிடைத்தாள்.
கொழும்பில் புடவைக்கடை வேலை.
"யாருக்குன்னு பொறகு யோசிப்பம்க்கா.
மொதலாளி சனிக்கிழம லீவு தருவாரா,
ஹட்டன் பஸ்ல சீட்டு கெடைக்குமா,
போக வர செலவு யார் தர்றது,
அதுக்கு ஒரு கட்டம் இருக்கா ஒங்ககிட்ட?"
இல்லை.

ஏழாம் லயத்துப் பன்னிரண்டு காம்பராவுக்கும்
ஒரே விலாசம்.
வாக்காளர் அட்டைகள் கடையில்
சீனிப் பெட்டிக்குப் பின்னால் கிடந்தன.
அற்புதமேரியின் அட்டை அங்கேயும் இல்லை.
அடையாள அட்டை போதும் என்றேன்.
"அதுலயும் பேரு பிழை.
எனக்கு அவங்களத் தெரியலன்னு எழுதாத,
அவங்களுக்கு என்னயத் தெரியலன்னு எழுது."
எழுத இடம் போதவில்லை.

சன்னாசியின் சுவரில்
கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு காணி உறுதி.
போன தேர்தலுக்கு முந்தின மாதம்
மாலை போட்டுக் கொடுத்தது.
காணி எந்தப் பக்கம் என்று
இதுவரை எவரும் கைநீட்டிக் காட்டவில்லை.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
விருப்பம் போடலாம், விளக்கினேன்.
"மூணாவதுக்கு ஆளிருக்கு.
ரெண்டாவதுக்கும் யாரையாவது புடிச்சிரலாம்.
ஒண்ணாவதுதான் அம்புடல."

இரவு அமைப்பாளர் அழைத்தார்.
"தெரியாது எத்தன?"
"நாப்பத்தொண்ணு."
"வெவரம் பத்தாத சனம். திரும்பப் போய் வெளங்கப்படுத்து."

விவரம் பத்தாதவர்கள்.
கூடையைத் தூக்கிப் பார்த்தே
கால் கிலோ பிசகாமல் சொல்கிறவர்கள்.

என் அம்மாவின் விரலில்
ஒரு தேர்தலிலும் மை பட்டதில்லை.
பிரஜாவுரிமைக் கடதாசி வந்த மாதம்
அவளை நாவலப்பிட்டி ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம்.
தலையணைக்கடியில் அதை வைக்கச் சொன்னாள்.
நிறையில் கழிகிறது, சம்பளத்தில் கழிகிறது,
மழைநாளில் அரைப்பேர் ஆகிறது.
இந்த ஒன்றில் மட்டும்
சனிக்கிழமை மாலைவரை
எவனும் கைவைக்க முடியாது.
அதை ஏன் இன்றைக்கே கொடுக்க வேண்டும்?
இதை அமைப்பாளரிடம் சொல்லத் தொடங்கியபோது
சிக்னல் போய்விட்டது.

நனைந்த பட்டியலை அடுப்போரம் காயவைத்துப் படுத்தேன்.
விடியப் பார்த்தால்
கோழி சாம்பலை மிதித்துவிட்டு
அதன்மேல் நடந்திருக்கிறது.
எல்லாக் கட்டத்திலும் புள்ளடி.
சில பேருக்கு இரண்டு.

தட்டினேன், சாம்பல் போனது.
தடம் முழுதாய்ப் போகவில்லை.
நாற்பத்திரண்டாவதாக என் பெயரை எழுதி
பென்சிலைக் கொண்டையில் சொருகிக்கொண்டு
பணிய லயத்துக்கு இறங்கினேன்.
அங்கே இன்னும் பதினாறு வீடு.