ஏழாம் இதழ்

நித்தியத்துவம் கேட்க வாயெடுத்த அரக்கன்
நித்திரத்துவம் கேட்டுவிடுகிறான்:
எங்கள் முதல் இதழின் முதல் கட்டம்.
ஒரே ஓர் எழுத்து.
குமிழிக்குள் வசனம் எழுதுபவள் நான்,
பிழை எவ்வளவு தூரம் போகுமென்று தெரியும்.

ஆறு மாதத் தூக்கத்தில்
என்னதான் கண்டிருப்பான்?
யோகமலர் கேட்டது பாயான் லெப்பாஸில்,
இரவு ஷிப்ட் முடிந்த பேருந்தில்.
அன்றிலிருந்து வரைகிறாள்.

பினாங்குப் பாலத்துக்கு அடியில் படுத்திருக்கிறான்.
அவன் மூச்சிழுத்தால்
பட்டர்வொர்த் பெர்ரி பின்னால் நகரும்.
கனவில் போர் இல்லை, அண்ணன் இல்லை;
கண்ணாடியில் தலைசாய்த்து
வாய்பிளந்து உறங்கும் எங்கள் முகங்கள்,
ஒரு நேப்பாளக்காரியின் கொட்டாவி,
சூப்பர்வைசருக்குப் பத்துத் தலை
(அது மட்டும் என் யோசனை).

ஏழாம் இதழில் அவன் எழ வேண்டும்.
யானை வேண்டாம், முரசு வேண்டாம் என்றாள்.
ஒரு வெற்றுக் குமிழி வரைந்து கொடுத்தாள்.
மூன்று வாரமாக
நான் ஒரு சொல்லும் எழுதவில்லை.

இன்று விடியலில் ஜெலுத்தோங் அறையில்
பக்கத்தின் மேலேயே தூங்கிக் கிடந்தாள்.
மெல்லத் தலையைத் தூக்கித்
துண்டை மடித்து வைத்தேன்.
கன்னத்தில் ஈர மசி:
அவன் கண்,
திறந்தபடி.

குமிழி அப்படியே இருக்கட்டும்.
மின்விசிறியை இரண்டில் வைத்துவிட்டு
வெளியே வந்தேன்.