மைனஸ் பதினெட்டில் ஒத்திகை

கரகண்டா என்றதும்
"கரகம் ஆடுகிற ஊரா?" என்றார்
பிரமாண ஆணையர் நாகரத்தினம்,
என் சான்றிதழ் நகல்களில் முத்திரை குத்திக்கொண்டே.
கசகஸ்தான் சார், என்றேன்.
"எதுவோ. ஒரு நகலுக்கு நாலு வெள்ளி."

பகாவ் செம்பனை ஆலையில்
பதினாறு வருஷம் எண்ணெயின் புளிப்பை அளந்தவள்.
அங்கே ஒரு மார்ஜரின் ஆலையில்
அதே வேலை, வேறு குடுவை,
இரண்டரை மடங்கு சம்பளம்.

முன்பே போன தவசீலன்
இரவு பதினொன்றுக்குக் குரல் அனுப்புவான்.
அங்கே மணி எட்டு.
பின்னணியில் சூட்டுக் குழாய் டொக் டொக்கென்று இருமும்.

"அக்கா, நம்ம மூணு முள் பிளக் இங்கே நுழையாது.
ரெண்டு உருண்டை முள். மாற்றி நாலு எடுத்துக்கோ.
டாலர் நோட்டைப் புத்தகத்துக்குள் வைத்துக் கொண்டுவா,
மடிப்பு விழுந்தால் முகம் சுளிப்பான்.
வந்த மூணு நாளில் கம்பெனி உன்னைப் பதிவு செய்ததா
என்று கேள்.
செய்தோம் என்பார்கள். தாளைக் காட்டச் சொல்."

இன்னொரு இரவு:
"என்ன இறைச்சி என்று கேட்டுவிட்டுச் சாப்பிடு,
சாப்பிட்டுவிட்டுக் கேட்காதே. குதிரை.
ரொட்டியைக் கவிழ்த்து வைக்காதே.
வாசற்படியில் நின்று கை குலுக்காதே,
அது உனக்கே தெரியும்.
தேநீரில் பால் ஊற்றுவார்கள்,
பார்த்ததும் அழுதுவிடாதே.
கிண்ணத்தில் பாதிதான் இருக்கும். கஞ்சத்தனம் இல்லை,
இன்னும் கொஞ்சம் இரு என்று அர்த்தம்.
நிறைய ஊற்றினால் செருப்பைத் தேடு."

எல்லாவற்றையும்
குலை எடைச் சீட்டுகளின் பின்புறத்தில் எழுதினேன்.
குளிர் எப்படி என்றதற்கு மட்டும்
பதில் வரவில்லை.
"சொன்னால் புரியாதுக்கா."

பண்டல் கடையில் முப்பத்தைந்து வெள்ளிக்கு
ஒரு கம்பளிக் கோட்டு கிடைத்தது.
ஜப்பானில் யாரோ போட்டுக் கழற்றியது.
பையில் படிக்க முடியாத எழுத்தில் ஒரு ரயில் சீட்டு.
அதை எடுத்து எறியவில்லை.

திங்கட்கிழமை, மீன் விற்று முடிந்த பிறகு,
ஆ கியோங்கின் குளிர் அறைக்குப் போனேன்.
வெளியே முப்பத்துநாலு,
உள்ளே மைனஸ் பதினெட்டு.
"பச்சைப் பொத்தானை அழுத்தினால் உள்ளிருந்தும் திறக்கும்,"
என்று இரண்டு முறை காட்டிவிட்டுக்
கதவைச் சாத்தினார்.

பெட்டி பெட்டியாகக் கெம்போங் மீன்,
எல்லாம் ஒரே திசையைப் பார்த்தபடி,
இருக்கை வார் கட்டிய பயணிகள்போல.

முதல் நிமிஷத்தில் மீன் வாடை செத்தது.
இரண்டாவதில் மூக்கு மயிர் ஊசியானது.
கடப்பிதழை எடுத்துப் பார்ப்போம் என்று
கையுறையைக் கழற்றினேன்.
ஜிப் இடது உள்பக்கம்,
விரல்கள் வேறு யாருடையவையோ.
அதிகாரி முன்னால் இப்படி நின்றால்
பின்னால் வரிசை என்ன சொல்லும்?
எந்த மொழியில் சொல்லும்?
நாற்பது விழுக்காடு காட்டிய கைப்பேசி
சட்டென்று கண் மூடிக்கொண்டது.
இது எதையும் தவசீலன் சொல்லவில்லை.

மீன்களைப் பார்த்து
மனப்பாடம் செய்த ஒரே சொல்லைச் சொல்லிப் பார்த்தேன்:
ரஹ்மெத்.
நன்றி.
வெள்ளையாகக் கிளம்பி
விளக்குவரை போய்க் கலைந்தது.
முப்பத்தொன்பது வயதில்
என் வாயிலிருந்து ஒரு சொல் வெளியே போவதை
அன்றுதான் கண்ணால் கண்டேன்.
திரும்பச் சொன்னேன்.
இன்னொரு தரம்.

பொத்தானை அழுத்தினேன்.
மூக்குக்கண்ணாடி முழுக்கப் புகை,
பகாவ் கண்ணுக்குத் தெரியவில்லை.
"இன்னும் சாகவில்லையா?" என்று மலாயில் ஒரு குரல்.
"ஆறு நிமிஷம்."

மேசையில் கோப்பி-ஓ வைத்தார் ஆ கியோங்.
விளிம்புவரை, தட்டில் சிந்தும்படி.
அவருக்கு அந்த ஊர் வழக்கம் தெரியாது.
நானும் சொல்லவில்லை.

கோட்டைக் கழற்றாமல்
முதுகில் வியர்வை ஓடும்வரை உட்கார்ந்து குடித்தேன்.
சிட்டையைத் திருப்பி எழுதினேன்:
ஜிப்பை வலப்பக்கம் மாற்றித் தைக்க.
கைப்பேசி, உடம்போடு ஒட்டி.
கையுறை, இரண்டு ஜோடி.